கரைக்கொரு கடல்

(பொது மேடைச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



பிரான்ஸ் நாட்டின் மார்சேய் நகரத்துக்கு அருகே சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் ஒரு கரை இருக்கிறது. முக்குளிப்பைத் தொழிலாகக் கொண்ட ஆன்ரி கோஸ்கேர் என்பவர் 1985இல் அங்கே, கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே, பாறையில் ஒரு துளையைக் கண்டார். உள்ளே நுழைந்தால் சுரங்கவழி. நூறு மீட்டருக்கு மேல் நீண்டு, மெல்ல மேலேறி, பாதி நீரும் பாதி காற்றுமாக இருந்த ஒரு குகையில் போய் முடிந்தது. சுவரெங்கும் மனிதக் கைத்தடங்கள். குதிரைகள், காட்டெருமைகள், கடல்நாய்கள். பார்வைக்குப் பெங்குவின் போலிருக்கும், இன்று அழிந்துபோய்விட்ட பெரிய ஆக் பறவைகள். 1991இல் அந்தச் சுரங்கவழிக்குள் மூன்று முக்குளிப்பாளர்கள் வழிதவறி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் குகையைப் பற்றி முறையாக அரசுக்குத் தெரிவித்தார்.

ஓவியங்களில் பழையவை சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. பிந்தியவை சுமார் 19,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. வரைந்தவர்கள் முக்குளித்துப் போகவில்லை, கையில் தீவட்டி பிடித்து நடந்து போனார்கள். அன்றைய கரை குகைவாயிலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குகையின் பெரும்பகுதி இன்று நீருக்கடியில். அங்கேயும் ஓவியங்கள் இருந்திருக்க வேண்டும். உப்புநீர் அவற்றைத் தின்றுவிட்டது. நீர்விளிம்பில் உள்ள குதிரைகளின் கால்கள் இப்போதும் கரைந்துகொண்டிருக்கின்றன.

கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்கள் இன்றைக்கு இருப்பதைவிட 120 முதல் 130 மீட்டர் வரை தாழ்ந்திருந்தன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சரிதான். ஆனால் அது உலகுக்கான சராசரி. எந்த ஒரு ஊரின் கரையிலும் கடல் அந்தக் கணக்குப்படி நடந்துகொள்ளவில்லை. சில கரைகளில் ஏறியது. சில கரைகளில் இறங்கியது. நம் கரை உட்படச் சிலவற்றில் ஏறிவிட்டுப் பிறகு கொஞ்சம் இறங்கியது. இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் காரணம் ஒரே பனிதான். அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், அவ்வளவு தண்ணீர் எங்கே போயிருந்தது?

வட அமெரிக்காவின் மேல் லாரென்டைடு பனிப்பாளம் என்று ஒன்று கிடந்தது. பரப்பு சுமார் 130 லட்சம் சதுர கிலோமீட்டர். நான்கு இந்தியாக்களை அதற்குள் வைக்கலாம். நடுவே பருமன் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். கனடாவின் பெரும்பகுதி அதனடியில். இன்றைய சிகாகோவும் நியூயார்க்கும் இருக்கும் இடங்கள் அதன் தெற்கு ஓரம். ஐரோப்பாவில் ஸ்காண்டிநேவியாவை மூடிய இன்னொரு பாளம் பெர்லின் வரை வந்திருந்தது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனியாக ஒன்று. அன்டார்டிகாவும் கிரீன்லாந்தும் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தன. இந்தப் பனியெல்லாம் ஒரு காலத்தில் கடல்நீர். ஆவியாகிப் போய்ப் பனியாக விழுந்தது, திரும்பி வராமல் நிலத்திலேயே தங்கிவிட்டது. அன்று உலகத்தின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு. ஐந்தாறு டிகிரி என்றால் நமக்குக் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம். பூமிக்கு அது கண்டமளவு பனி.

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஸ்விட்சர்லாந்துக்காரரான லூயி அகாசி 1837இல், ஐரோப்பா ஒரு காலத்தில் பனியால் மூடப்பட்டிருந்தது என்று அறிவித்தார். கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். எடின்பரோவில் ‘ஸ்காட்ஸ்மன்’ இதழின் நிறுவன ஆசிரியர்களில் ஒருவரான சார்ல்ஸ் மக்லாரன் சிரிக்கவில்லை. நிலத்தில் அவ்வளவு பனி இருந்தால் அந்த நீர் கடலிலிருந்துதானே வந்திருக்க வேண்டும், அப்படியானால் கடல் பல நூறு அடி இறங்கியிருக்க வேண்டுமே என்று 1840களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சரியான கேள்வியைக் கேட்கப் பட்டம் தேவைப்படவில்லை. பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களைப் பனியுகங்களோடு விரிவாகப் பொருத்திப் பார்த்த ஜேம்ஸ் குரோல் கிளாஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளியாக வேலை பார்த்தவர். அந்தக் கணக்கைப் பின்னர் முழுமையாக்கிய செர்பியர் மிலுட்டின் மிலான்கோவிச், முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியா–ஹங்கேரியில் சிறைப்பட்டிருந்த காலத்தில் அதில் பெரும்பகுதியைப் போட்டார். வட அரைக்கோளத்துக் கோடை வெயில் சற்றுக் குறைந்தால், குளிர்காலப் பனி முழுதும் உருகாமல் மிஞ்சும். மிஞ்சியது ஆண்டுக்காண்டு சேர்ந்து பாளமாகும். வெயில் கூடினால் கதை திரும்பும். சாரம் இவ்வளவுதான், விரிவாகப் போனால் இன்றைய நேரம் போதாது.

சரி, கடல் எப்போது எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்? கடல் தான் நின்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போவதில்லை. ஆனால் பவளம் போடும்.

கரீபியக் கடலில் மான்கொம்பைப் போலக் கிளை விரிக்கும் ஒரு பவள இனம் உண்டு. வெளிச்சமும் அலையும் வேண்டும் அதற்கு; பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள்தான் வாழும். கடல் உயர்ந்தால் பழைய பவளம் இருளில் மூழ்கிச் சாகும்; புதியது கரைப்பக்கமாக மேலே முளைக்கும். ஆகவே செத்த பவளம் எந்த ஆழத்தில் கிடைக்கிறதோ, அது உயிரோடு இருந்த காலத்தில் கடல் ஏறக்குறைய அந்த உயரத்தில் நின்றிருக்கிறது. ஆய்வாளர் ரிச்சர்டு ஃபேர்பேங்ஸும் அவருடைய குழுவினரும் பார்படோஸ் தீவின் தெற்கே கடலடியில் துளையிட்டு, அடுக்கடுக்காக இந்தப் பவளத்தை எடுத்தார்கள். 1989இல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான், பனியுக உச்சத்திலிருந்து கடல் ஏறி வந்த பாதையைத் தொடர்ச்சியாகக் காட்டிய முதல் பெரிய ஆவணம். அவர்கள் கண்ட தாழ்வு சுமார் 121 மீட்டர். பார்படோஸ் தீவே மெதுவாக மேலெழுந்துகொண்டிருப்பது. அதைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு. அடுத்த ஆண்டே, அதே பவளங்களை யுரேனியம்–தோரியம் முறையில் காலம் கணித்தபோது, ரேடியோ கார்பன் சொன்ன வயதுகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல்கூடக் குறைவாக இருந்தது தெரியவந்தது. கடலின் வரலாற்றை எழுதப் போனவர்கள், கூடவே கடிகாரத்தையும் திருத்திவிட்டு வந்தார்கள்.

அந்தப் பாதை எப்படி இருந்தது? பனி சீராக உருகி, கடல் சீராக உயர்ந்தது என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. முதல் சில ஆயிரம் ஆண்டுகள் மந்தம். பிறகு, சுமார் 16,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 8,200 ஆண்டுகளுக்கு முன்வரை, ஆயிரம் ஆண்டுக்குச் சராசரி 12 மீட்டர் வீதம் ஏற்றம். இந்தச் சராசரிக்குள்ளேயும் பாய்ச்சல்கள் இருந்தன. அவற்றில் பெரியது 14,600 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தாகித்தித் தீவின் பவளப்பாறைகளில் 2005இல் ஒரு பன்னாட்டுக் குழு துளையிட்டது. அந்த மாதிரிகளை வைத்து 2012இல் வந்த முடிவு இது: 350 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் கடல் 14 முதல் 18 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. ஆண்டுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல். அந்தக் காலத்துக் கரையோரக் குடும்பம் ஒன்றில் அறுபது வயதுவரை வாழ்ந்த ஒரு பாட்டி, தன் ஆயுளில் கடல் இரண்டரை மீட்டர் ஏறுவதைப் பார்த்திருப்பாள். தான் பிறந்த குடிசை இருந்த இடத்தைப் பேரனுக்குக் காட்ட அவள் கடலைத்தான் காட்டியிருக்க முடியும்.

ஏன் இப்படித் திடீரென்று? இந்த இடம் முக்கியம், கொஞ்சம் நின்று பார்ப்போம். பனிப்பாளத்தின் உச்சி உயரமாக இருப்பதால் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்திருப்பதால் உருகாமல் இருக்கிறது. அதாவது, தன் உயரமே அதற்குக் காவல். சுற்றிலும் வெப்பம் கூடி, மேற்பரப்பு கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் அது சற்றுச் சூடான காற்றுக்குள் இறங்குகிறது. இறங்கினால் மேலும் உருகும். உருகினால் மேலும் இறங்கும். வட அமெரிக்காவில் கிழக்கே லாரென்டைடு, மேற்கே ராக்கி மலைகளின்மேல் கார்டில்லரா என்று இரண்டு பாளங்கள். நடுவில் இரண்டையும் இணைத்த தாழ்வான பனித்தொடர். அந்த இணைப்பு இந்தச் சுழலில் சிக்கிச் சில நூற்றாண்டுகளில் சரிந்திருக்கலாம் என்று லாரன் கிரெகுவார் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் கணினி மாதிரி வைத்துக் காட்டினார்கள். அந்தப் பாய்ச்சலில் அன்டார்டிகாவின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. மெதுவாகச் சேர்ந்த பனி மெதுவாகத்தான் போகும் என்று எண்ண இடமில்லை என்பதில் மட்டும் சண்டை இல்லை.

அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னும் விபத்துகள் தொடர்ந்தன. உருகிய நீர் லாரென்டைடின் தெற்கு ஓரத்தில் அகாசி ஏரி என்ற பெரிய ஏரியாகத் தேங்கிக் கிடந்தது. பனிதான் அதற்கு அணை. சுமார் 8,400 ஆண்டுகளுக்கு முன் அந்த அணை உடைந்து, நீர் ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக்கில் கொட்டியது. நன்னீர் பரவியதால் கடல் நீரோட்டம் தளர்ந்தது. அதையொட்டி வட அட்லாண்டிக் பகுதி ஒன்றரை நூற்றாண்டுக் காலம் குளிர்ந்துபோனது கிரீன்லாந்துப் பனியில் பதிவாகியிருக்கிறது. உலகம் வெப்பமாகிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வெப்பமே உண்டாக்கிய குளிர் இது. லாரென்டைடின் கடைசி எச்சம் இன்றும் கனடாவின் பாஃபின் தீவில் பார்ன்ஸ் பனிமுகடு என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பனியின் அடியடுக்குகள் பனியுகத்தைச் சேர்ந்தவை.

இந்த ஏற்றத்தில் மூழ்கியவை கொஞ்சநஞ்சமல்ல. மலாய், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக இருந்தன. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஒன்று. சைபீரியாவிலிருந்து அலாஸ்காவுக்கு நடந்து போகலாம். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் நடுவே இன்று வடகடல் இருக்கும் இடத்தில் ஆறுகளும் சதுப்புகளும் காடுகளும் இருந்தன. 1931இல் ‘கொலிண்டா’ என்ற மீன்பிடிப் படகின் வலையில் ஒரு கரிமண் கட்டி சிக்கியது. படகுக்காரர் அதை உடைத்தார். உள்ளே மான்கொம்பில் செதுக்கிய, முட்கள் வைத்த ஈட்டிமுனை. தரைவேட்டைக்காரர்களின் பொருள் நடுக்கடலில் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. பிரையோனி கோல்ஸ் என்ற தொல்லியலாளர் 1998இல் அந்த நிலத்துக்கு டாகர்லாந்து என்று பெயர் வைத்தார். எண்ணெய் தேடிய நிறுவனங்கள் எடுத்து வைத்திருந்த கடலடி அளவீடுகளைக் கேட்டு வாங்கி, அந்நிலத்தின் ஆற்றுத்தடங்களைக் கூட வரைந்துவிட்டார்கள். சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு அப்பால் கடலடிச் சரிவு ஒன்று நிகழ்ந்து, எஞ்சியிருந்த தாழ்நிலத்தின்மேல் ஆழிப்பேரலை வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதுவோர் உண்டு. என் பார்வையில் அலை ஒரு நாள் விருந்தாளி. நிலத்தைக் கொண்டுபோனது ஆண்டுக்கு ஒரு விரற்கடைக்கும் குறைவாக ஏறிய தண்ணீர்.

இதுவரை சொன்னது ஏறிய கடல். இனி இறங்கிய கடல்.

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே போத்னியா வளைகுடா. அங்கே கரையோர மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம், தாத்தா படகு கட்டிய இடத்தில் பேரன் புல் அறுப்பான் என்பது. வெப்பமானி அளவுக்குப் பெயர் கொடுத்த ஆன்டர்ஸ் செல்சியஸ் 1731இல், கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் ஒரு பாறையில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு வெட்டி வைத்தார். அந்தக் கோடு இன்று நீருக்கு மேலே நன்றாகவே உயர்ந்து நிற்கிறது. வடக்கே லூலியோ என்ற துறைமுக ஊரை, துறை தூர்ந்து படகு வர முடியாமல் போனதால் 1649இல் வேறிடத்துக்கே மாற்றிவிட்டார்கள். கடல் நீர் வற்றுகிறது என்று செல்சியஸ் நினைத்தார். உண்மையில் நிலம் ஏறுகிறது.

இதற்கு விளக்கம் 1865இல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ஜேமீசனிடமிருந்து வந்தது. மூன்று கிலோமீட்டர் பனியைத் தூக்கி வைத்தால் பூமியின் மேலோடு அழுந்தாதா? அழுந்தும். அதற்குக் கீழே உள்ள பாறை, திடப்பொருள்தான் என்றாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் மெல்ல நகர்ந்து கொடுக்கும். நல்ல இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் நெடுநேரம் படுத்து எழுந்தால் பள்ளம் உடனே நிமிராது அல்லவா, அப்படித்தான். பனி போய்ப் பத்தாயிரம் ஆண்டுகளான பிறகும் போத்னியாவின் வடகரை ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. ஹட்சன் விரிகுடாக் கரையிலும் ஏறத்தாழ அவ்வளவு. ஸ்வீடனின் ‘உயர்கரை’ என்ற பகுதியில் ஒரு காலத்து அலை மோதிய கூழாங்கல் கரை, இன்று கடலுக்கு மேலே சுமார் 286 மீட்டரில், மலைமேல் இருக்கிறது. பின்லாந்துக்கு ஆண்டுதோறும் சுமார் 7 சதுர கிலோமீட்டர் நிலம் சும்மா கிடைக்கிறது. புதிதாக எழும் நிலம் யாருக்குச் சொந்தம் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளம் என்றால், நகர்ந்த பாறை எங்கே போகும்? பனியைச் சுற்றியுள்ள வளையத்தில் போய்ப் புடைத்து நின்றது. பனி போனதும் நடு நிமிர, அந்தப் புடைப்பு இறங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையின் ஒரு பகுதி இன்றும் தாழ்ந்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புடைப்பின் ஒரு பகுதி கடலடியில் இருந்தது. கடலடி இறங்கினால் அங்கே கொள்ளளவு கூடும். அதை நிரப்ப எங்கிருந்தாவது தண்ணீர் வர வேண்டும். வந்தது வெப்பமண்டலக் கடல்களிலிருந்து. ஆய்வாளர்கள் ஜெரி மிட்ரோவிகாவும் கிளென் மில்னும் 2002இல் இதை விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். போதாததற்கு, உயர்ந்த கடலின் எடை கடலடியை அழுத்த, கண்டங்களின் ஓரங்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தன. ஆக, பனியிலிருந்து வெகுதூரத்தில் உள்ள கரைகளில் கடல் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைத் தாண்டி ஓரிரு மீட்டர் உயர்ந்து நின்று, அதன்பின் மெல்ல இறங்கியது.

இதற்குச் சான்று பார்க்க விமானம் ஏற வேண்டாம். பாம்பன் பாலம் வரை போனால் போதும். ராமேஸ்வரம் தீவின் கரையில், அலைக்கு மேலே, வெயிலில் காய்ந்து கிடக்கும் செத்த பவளத்திட்டு உண்டு. ஊர்க்காரர்கள் அதை வெட்டிச் சுவர் கட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்பு சுட்டிருக்கிறார்கள். உயிருள்ள பவளம் காற்றில் வளராது. எனவே அது வளர்ந்தபோது தண்ணீர் அதற்கு மேலே இருந்திருக்கிறது. புவியியலாளர் ஸ்டாடர்ட், கடல் உயிரியலாளர் கோபிநாத பிள்ளை இருவரும் 1972இல் அந்தத் திட்டுகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காலம் கணித்த பவளத்தின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். நிலநடுக்கம் தூக்கியதா, கடல் இறங்கியதா என்று வாதிடலாம்; நிலம் கொஞ்சம் எழுந்திருக்கவும் கூடும். ஆனால் இதே வயதில், இதே உயரத்தில் செத்த பவளங்கள் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வெகுதூரத் தீவுகளில் எல்லாம் இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிலம் தூக்கியது என்பதைவிட, கனடாவின் பனி உருகியதன் கணக்கு இங்கே தீர்க்கப்பட்டது என்பது எனக்கு எளிதாகப் படுகிறது.

பாம்பன் வரை வந்துவிட்டோம், இனி நீங்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்விக்கு வராமல் தப்ப முடியாது.

பாக் நீரிணை ஆழமற்றது. பெரும்பகுதி 15 மீட்டருக்குள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள மணல்திட்டுகளில் பல இடங்களில் ஆள் ஆழம்கூட இல்லை. கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். இதில் ஐயமே வேண்டாம். அந்த நிலத்தைக் கடல் பிரித்தது சுமார் 7,000, 8,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது அங்கே நடந்து திரிந்த மனிதர்கள் இருந்தார்கள், அவர்கள் கண்முன்னே கரை நகர்ந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் நன்கறிந்த வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளத் திட்டும் 100 மீட்டருக்குள் ஆழம் கொண்டது. அதுவும் அன்று தரை. ஆகவே குமரிக்குத் தெற்கே நிலம் இருந்ததா என்றால், இருந்தது. சில பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு.

ஆனால் பழைய தமிழ் உரையாசிரியர்கள் கடல்கொண்டதாகச் சொல்லும் எழுநூற்றுக் காவத நிலமும் நாற்பத்தொன்பது நாடும் அங்கே இருந்திருக்க இடமில்லை. கண்டமேடை முடிந்ததும் கடல் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாகிறது. 120 மீட்டர் இறங்கினாலும் 3,000 மீட்டர் ஆழமுள்ள இடம் கடல்தான். அந்த நிலத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்பது பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் விலங்கு மடகாஸ்கரிலும் அதன் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க 1864இல் செய்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்பது தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போனது. கடல்கோள் நினைவு பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்யாகவே மூழ்கிய நிலம் நம் கைக்கெட்டும் தூரத்தில், பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. வடகடலில் செய்ததுபோல அங்கே ஆற்றுத்தடங்களைத் தேடும் வேலையில் இறங்காமல், மூழ்காத கண்டத்துக்கு நாம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்ததுதான் என் வருத்தம்.

கடந்த ஆறேழாயிரம் ஆண்டுகள் கடல் ஏறக்குறைய அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில்தான் ஆறுகள் வண்டலைக் கொட்டி டெல்டாக்களை விரித்தன. உலகின் பெரிய டெல்டாக்கள் எல்லாம் சுமார் 8,500க்கும் 6,500க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கியவை. அதற்கு முன் ஆறு கொட்டிய மண்ணைக் கடல் முந்திக்கொண்டு மூடிவிட்டது. நைலும் யூப்ரட்டீசும் நமக்குத் தெரிந்த நாகரிகங்களைத் தாங்கியதும், துறைமுகம் என்று ஒன்றை ஓரிடத்தில் கட்டி நூற்றாண்டுகள் வைத்துக்கொள்ள முடிந்ததும் இந்த இடைவேளையில்தான்.

இடைவேளை முடிந்துவிட்டது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்தின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். பனியுக முடிவின் 12 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் இது சிறியது என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அன்று உருக மூன்று கண்டங்களில் பனி இருந்தது. இன்று இருப்பது கிரீன்லாந்தும் அன்டார்டிகாவும். அவ்வளவு குறைந்த பனியை வைத்துக்கொண்டே இந்த வேகம் என்று நான் அதைப் படிக்கிறேன். கிரீன்லாந்து முழுதும் உருகினால் ஏழு மீட்டருக்கு மேல். அன்டார்டிகா முழுதும் என்றால் ஐம்பது மீட்டரைத் தாண்டும். முழுதும் உருகப்போவதில்லை, பேச்சு அதைப் பற்றியதல்ல. மேற்கு அன்டார்டிகாவின் பனி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போகப் போகத் தரை இன்னும் ஆழம். சூடான கடல்நீர் அடியில் புகுந்தால் பின்வாங்கும் பனிக்குப் பிடிமானம் கிடைக்காது. பனியாற்று ஆய்வாளர் ஜான் மெர்சர் 1978இலேயே இதை எச்சரித்தார். அங்கே த்வெய்ட்ஸ் என்ற ஒரு பனியாற்றில் மட்டும் கடலை 65 சென்டிமீட்டர் உயர்த்தும் நீர் இருக்கிறது.

இங்கே மறுபடியும் சராசரி நம்மை ஏமாற்றும். பனிப்பாளம் பெரும் எடை. அந்த எடையின் ஈர்ப்பு சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. ராபர்ட் வுட்வர்டு என்ற ஆய்வாளர் 1888இலேயே கணக்கிட்ட விஷயம் இது. கிரீன்லாந்து உருகினால் இழுப்புக் குறையும், தரையும் நிமிரும். சுமார் 2,000 கிலோமீட்டர் வட்டாரத்தில் கடல் ஏறுவதற்குப் பதில் இறங்கும். ஐஸ்லாந்துக்காரர் கிரீன்லாந்தின் உருகலைப் பார்த்துக் கரைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கிருந்து விடுபட்ட தண்ணீர் தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். மேற்கு அன்டார்டிகா உருகினாலும் இந்தியப் பெருங்கடலுக்கு வருவது சராசரியை விஞ்சிய பங்குதான். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் நம் கரை வாங்கியதைப் பிறகு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. அந்தத் திருப்பலுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

கிரீன்லாந்துப் பனி எவ்வளவு உறுதியானது? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் வடமேற்குக் கிரீன்லாந்தின் பனிக்குள் சுரங்கம் தோண்டி, அணு உலையும் வைத்து, கேம்ப் செஞ்சுரி என்ற தளத்தை நடத்தியது. அங்கே 1966இல் பனியின் அடிவரை, ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். பனிக்குக் கீழே இருந்த மூன்றரை மீட்டர் உறைந்த மண்ணும் சேர்ந்து வந்தது. பனியை எல்லோரும் ஆராய்ந்தார்கள். மண்ணை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவிலிருந்து கோபன்ஹேகனுக்குப் போய், அங்கே குளிர்பெட்டியில் கிடந்து, 2017இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. கழுவிப் பார்த்தால் பாசிகளும் சுள்ளிகளும் இலைத்துணுக்குகளும். 2023இல் வெளியான காலக்கணிப்பு, அந்த மண் சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன் வெயிலைப் பார்த்திருக்கிறது என்றது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பனி கிடக்கும் அந்த இடம் அன்று வெட்டவெளி.

அந்தக் காலத்தில் காற்றில் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 280 பங்கு அளவில்தான் இருந்தது; இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உடனே இரண்டையும் சமன்படுத்தி விடாதீர்கள். அந்த வெப்ப இடைக்காலம் வழக்கத்தைவிட மிக நீண்டது, மெதுவாக உருக அவகாசம் இருந்தது. நம்மிடம் வாயு அதிகம், இதுவரை கடந்திருக்கும் நேரம் குறைவு. வட அமெரிக்கப் பாளத்தைப் போல உயரம் என்ற காவலை இழக்கும் கட்டத்துக்குக் கிரீன்லாந்து எந்த வெப்பத்தில் வரும் என்பதுதான் இப்போது துளையிடுவோர் தேடும் எண். அதற்காக கேம்ப் செஞ்சுரியைப் போல இன்னும் சில இடங்களில், பனியை விட்டுவிட்டு அதன் அடியிலுள்ள மண்ணை எடுக்கவே துளையிடத் தொடங்கியிருக்கிறார்கள்.